என் முதல் இசைத்தட்டும் ஒரு விரிசலும்

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை வரிகள் இருக்கும்? நூறா? இருநூறா? அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டே வாருங்கள். விடையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

உங்களில் பலர் இசைத்தட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆனால் உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஒன்றிரண்டு கிடக்கக்கூடும். கறுப்பு நிறம், வட்ட வடிவம், நடுவில் ஒரு துளை, துளையைச் சுற்றி வண்ணக் காகிதம். எங்கள் ஊரில் அதை "பிளேட்டு" என்றுதான் சொல்வார்கள். எனக்கென்று முதன்முதலாகக் கிடைத்த பிளேட்டைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதில் ஒரு விரிசல் இருந்தது. ஒலியைப் பற்றி அந்த விரிசல் எனக்குக் கற்றுக்கொடுத்தது கொஞ்சமல்ல.

டக்... டக்... டக்...

அது 1971-ஆம் ஆண்டு. நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கிராமபோன் ஒன்று இருந்தது. அதற்கு மின்சாரம் வேண்டாம். கைப்பிடியைச் சுழற்றிச் சாவி கொடுத்தால் உள்ளே இருக்கும் எஃகுச் சுருள்வில் இறுகும். அது விரியும்போது தட்டு சுழலும். ஒருநாள் மாமா, பழைய சாமான் கடையிலிருந்து ஒரு தட்டை வாங்கி வந்தார். "இதில் விரிசல் இருக்கிறது. இதை நீயே வைத்துக்கொள்" என்று என்னிடம் கொடுத்தார். தாத்தாவின் தட்டுகளைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. எனவே விரிசல் விட்ட அந்தத் தட்டுதான் எனக்குச் சொந்தமான முதல் தட்டு.

அது நாகஸ்வரம். ஒரு பக்கத்தில் கல்யாணி ராக ஆலாபனை. மறு பக்கத்தில் அதன் தொடர்ச்சி. காகிதம் தேய்ந்துபோயிருந்ததால் வாசித்தவர் யார் என்று தெரியவில்லை. தட்டின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. ஊசி அதைக் கடக்கும்போதெல்லாம் நாகஸ்வரத்தோடு "டக்" என்று ஓர் ஓசை சேர்ந்து கேட்கும்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்த ஓசைகளை எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 78! ஏன் 78? அந்தத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும் வகையைச் சேர்ந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு "டக்". கணக்கு சரியாக இருக்கிறது அல்லவா?

இன்னொன்றையும் கவனித்தேன். பாட்டுத் தொடங்கியதிலிருந்து 96 முறை "டக்" கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது. சுத்தமான இசை தொடர்ந்தது. காரணம் என்ன? விரிசல் தட்டின் பாதி தூரம்கூட வரவில்லை. ஊசி ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக நடுவை நோக்கி நகர்ந்து, 96 சுற்றுகளுக்குப் பிறகு விரிசலின் முனையைத் தாண்டி உள்ளே போய்விட்டது.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்திருக்குமே! ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு வரிதான். கோலம் போடுபவர் கையை எடுக்காமல் சுழி போடுவதைப்போல, விளிம்பில் தொடங்கி நடுவரை சுருண்டு சுருண்டு செல்லும் ஒரே வரி. என் தட்டு சரியாக மூன்று நிமிடம் பாடியது. ஆகவே அந்த வரி 78 × 3 = 234 சுற்றுகள் கொண்டது. அதை நீட்டி வைத்தால் எவ்வளவு நீளம் இருக்கும்? வரியின் சராசரி ஆரம் சுமார் 9 செ.மீ. ஒரு சுற்றின் நீளம் சுமார் 56 செ.மீ. மொத்த நீளம் ஏறக்குறைய 130 மீட்டர்!

ஒலி எப்படி வரியாகிறது?

ஒலி என்பது அதிர்வு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். தவிலைத் தட்டினால் தோல் அதிர்கிறது. தோல் காற்றைத் தள்ளுகிறது, இழுக்கிறது. காற்று நம் செவிப்பறையை அதிரச் செய்கிறது. செவிப்பறைக்குப் பதிலாக ஒரு மெல்லிய சவ்வை வைத்து, அதில் ஒரு முள்ளை ஒட்டி, முள்ளுக்கு அடியில் ஒரு பரப்பை நகர்த்தினால் என்ன ஆகும்? அதிர்வு கோடாக வரையப்படும்.

இதை முதலில் செய்தவர் பிரான்சைச் சேர்ந்த எதுவார்-லியோன் ஸ்காட். 1857-இல் அவர், புகைக்கரி படிந்த காகிதத்தின்மேல் ஒலியைக் கோடாக வரையும் கருவியை அமைத்தார். அந்தக் கோட்டைக் கண்ணால் பார்க்கலாம். காதால் கேட்க முடியாது. கோட்டிலிருந்து ஒலியைத் திரும்ப எழுப்பிக் காட்டியவர் அமெரிக்காவின் தாமஸ் ஆல்வா எடிசன். 1877-இல் அவர் உருளை ஒன்றின்மேல் சுற்றிய தகரத் தாளில் ஒலியைப் பதித்தார். முள்ளை அதே தடத்தில் மீண்டும் ஓடவிட்டபோது, தடத்தின் மேடுபள்ளங்கள் முள்ளை ஆட்டின, முள் சவ்வை ஆட்டியது, சவ்வு பேசியது!

எடிசனின் உருளையில் முள் மேலும் கீழும் ஆடியது. 1887-இல் எமில் பெர்லினர் என்பவர் இதைச் சற்று மாற்றினார். உருளைக்குப் பதில் தட்டு. மேலும் கீழும் ஆடுவதற்குப் பதில் இடமும் வலமும் ஆட்டம். தட்டாக இருந்ததால் பெரும் நன்மை ஒன்று கிடைத்தது. மெழுகுத் தட்டில் ஒருமுறை பதித்து, அதன்மேல் மின்முலாம் பூசி உலோக அச்சு எடுத்துவிடலாம். அந்த அச்சை வைத்து, பணியாரக் குழியில் மாவு வார்ப்பதுபோல ஆயிரக்கணக்கான பிரதிகள் எடுக்கலாம்.

நம் நாட்டில் இந்தப் பதிவு 1902-இல் தொடங்கியது. பிரெட் கைஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலிய கலைஞர்களின் பாட்டைப் பதிவு செய்தார். அப்போது ஒலிவாங்கி கிடையாது. பெரிய புனலுக்குள் உரக்கப் பாடவேண்டும். மணிக்கணக்கில் ராகம் பாடிப் பழகிய கலைஞர்கள் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் எல்லாவற்றையும் அடக்கவேண்டியிருந்தது. கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தம் பெயரையும் சொல்லுவார். தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகரில் அச்சாயின. அங்கே உள்ளவர்களுக்கு அது அடையாளமாகப் பயன்பட்டது என்பார்கள். என் நாகஸ்வரக் கலைஞர் அப்படிச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சீப்பைக் கொண்டு ஒரு சோதனை

வரி எப்படிப் பாடுகிறது என்பதை இப்போதே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். தலை வாரும் சீப்பு ஒன்றையும் ஒரு தபால் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் விளிம்பைச் சீப்பின் பற்கள்மேல் மெதுவாக இழுங்கள். தடித்த ஒலி கேட்கும். வேகமாக இழுங்கள். ஒலி உயர்ந்து கீச்சென்று கேட்கும். பற்கள் அதேதான். ஆனால் ஒரு வினாடியில் அட்டை தட்டும் பற்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. அதிர்வெண் கூடினால் சுருதி உயரும்.

இசைத்தட்டின் வரி வளைந்து வளைந்து செல்கிறது. வளைவுகள் நெருக்கமாக இருந்தால் சுருதி அதிகம். விலகி இருந்தால் குறைவு. வளைவு அகலமாக இருந்தால் ஒலி பெரிது. ஒடுங்கி இருந்தால் சிறிது. கிராமபோனில் சாவி தீரும் சமயம் நாகஸ்வரம் மெல்ல மெல்லத் தாழ்ந்து ஏதோ ஒரு விலங்கின் முனகலாக மாறியதன் காரணமும் இதுவே. வினாடிக்கு 400 அதிர்வு கொண்ட சுரம், தட்டின் வேகம் 78-லிருந்து 60-க்கு இறங்கினால் 308 அதிர்வாகிவிடும். ராகமே மாறியதுபோல இருக்கும்.

விளிம்பும் நடுவும்

இங்கே ஒரு நுட்பமான செய்தி இருக்கிறது. விளிம்பில் இருந்தாலும் நடுவுக்கு அருகில் இருந்தாலும் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒன்றே. என் "டக்" ஓசைகள் சீராகக் கேட்டதே அதற்குச் சாட்சி. ஆனால் தூரம்? குடைராட்டினத்தில் வெளிப்பக்கம் உட்காருபவர் அதிக தூரம் சுற்றுகிறார் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

தட்டு வினாடிக்கு 1.3 முறை சுழல்கிறது. விளிம்பருகே வரியின் ஆரம் 12 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 75 செ.மீ. அங்கே ஊசிக்கடியில் வரி வினாடிக்கு 98 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. பாட்டு முடியும் இடத்தில் ஆரம் சுமார் 5.9 செ.மீ.; வேகம் வினாடிக்கு 48 செ.மீ. மட்டுமே. வினாடிக்கு 400 அதிர்வு கொண்ட ஒரு சுரம், விளிம்பில் ஒவ்வோர் அலைக்கும் சுமார் இரண்டரை மி.மீ. இடம் பெறுகிறது. நடுவிலோ அதே சுரத்துக்கு 1.2 மி.மீ. இடம்தான்.

4,000 அதிர்வு கொண்ட நுண்ணொலிக்கு நடுவில் கிடைப்பது 0.12 மி.மீ. ஊசியின் நுனியே ஏறக்குறைய அவ்வளவு அகலம்! பெரிய கால்கொண்டவர் சின்னச் சின்னப் படிகளில் இறங்குவதைப்போல ஊசி தடுமாறும். அதனால்தான் பழைய தட்டுகளில் பாட்டின் கடைசிப் பகுதி சற்று மங்கலாகக் கேட்கும். தவறு பாடகருடையது அல்ல, வட்டத்துடையது.

தட்டு எதனால் ஆனது?

என் தட்டு ஏன் விரிசல் விட்டது? அதை அறிய அது எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டுகளின் உயிர்ப்பொருள் அரக்கு. ஆம், கடிதங்களுக்கு முத்திரை வைக்கும் அரக்கின் உறவுதான். புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். தம்மைக் காத்துக்கொள்ள ஒரு பிசினைச் சுரந்து மேலே மூடிக்கொள்ளும். அந்தக் கிளையை வெட்டி எடுத்ததே கொம்பரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து இது உலகமெங்கும் சென்றது. இலண்டனில் பாடிய தட்டிலும் நியூயார்க்கில் பாடிய தட்டிலும் நம் நாட்டுப் பூச்சியின் உழைப்பு இருந்தது!

ஆனால் தட்டு முழுவதும் அரக்கு அல்ல. பெரும்பகுதி கல்மாவு, கறுப்பு நிறத்துக்குக் கரிப்பொடி. அரக்கு இவற்றை ஒட்டவைக்கும் பசையாக இருந்தது. கல்மாவு எதற்கு? கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் அதிகமான எடையோடு ஊசியின்மேல் அமர்ந்திருக்கும். அந்தச் சுமையைத் தாங்கத் தட்டு கடினமாக இருக்கவேண்டும். அதோடு, கல்மாவு எஃகு ஊசியை உரசித் தேய்த்து வரிக்குப் பொருத்தமான வடிவத்துக்குக் கொண்டுவரும். இதனால் ஒரு பக்கம் பாடிய ஊசியை எறிந்துவிட்டுப் புது ஊசி போடவேண்டும். சிறிய டப்பாவில் நூற்றுக்கணக்கில் ஊசிகள் விற்றன.

கடினமான பொருள் எளிதில் வளையாது. வளையாத பொருள் உடையும். கண்ணாடியும் அப்படித்தான், அரக்குத் தட்டும் அப்படித்தான். அதன் விளிம்பில் ஒருமுறை விரிசல் விழுந்துவிட்டால், பின்னர் வரும் ஒவ்வோர் அழுத்தமும் விரிசலின் கூர்முனையில் போய்க் குவியும். விரிசல் வளரும்.

வளர்ந்த விரிசல்

என் தட்டிலும் விரிசல் வளர்ந்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? எண்ணிப் பார்த்தேன்! கிடைத்த நாளில் "டக்" 96 முறை. பொங்கல் சமயத்தில் 131. கோடை விடுமுறையில் 188. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இவற்றைக் குறித்து வைத்தேன்.

வரி இருந்த பகுதியின் அகலத்தை அளவுகோலால் அளந்தேன்: 6.1 செ.மீ. அதில் 234 சுற்றுகள். ஆகவே ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 0.26 மி.மீ. வரி தொடங்கும் இடத்திலிருந்து அளந்தால் 96 சுற்று என்பது 25 மி.மீ.; 188 சுற்று என்பது 49 மி.மீ. ஆறே மாதங்களில் விரிசல் 24 மி.மீ. உள்ளே வந்துவிட்டது. 234-ஐத் தொட்டால் வரிப்பகுதி முழுவதும் பிளந்துவிடும். இன்னும் 46 சுற்றுதான் பாக்கி.

எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. தட்டைப் போட்டால் கேட்கலாம். ஆனால் கேட்கக் கேட்க அது உடையும். போடாவிட்டால் உடையாது, ஆனால் கேட்க முடியாது. பத்திரமாக இருக்கட்டும் என்று அதைப் போடுவதை நிறுத்திவிட்டேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் ஒலிநாடாப் பதிவுக் கருவி வைத்திருந்தார். ஒருமுறை போட்டு நாடாவில் பதிந்துகொள்ளலாம் என்று எண்ணினேன். "அடுத்த வாரம் போகலாம், தேர்வு முடியட்டும்" என்று தள்ளிப் போட்டேன்.

வாரங்கள் போயின. வீடு மாறினோம். நான் அந்தத் தட்டைப் பெட்டியில் செங்குத்தாக நிறுத்தாமல் படுக்கவைத்து, மேலே புத்தகங்களை அடுக்கியிருந்தேன். புது வீட்டில் பெட்டியைத் திறந்தபோது தட்டு இரண்டு துண்டாகக் கிடந்தது. விரிசல் தன் 46 சுற்றுகளையும் ஒரே நொடியில் கடந்துவிட்டது.

உடைந்த விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தேன். இரம்பப் பற்களைப்போல வரிசையாகச் சிறு பள்ளங்கள். மேற்பரப்பில் ஒவ்வொரு பள்ளமும் நெளிந்து நெளிந்து சென்றது. அதுதான் நாகஸ்வரம்! இசை அங்கேதான் இருந்தது. ஊசி அதில் ஓடமுடியாது, அவ்வளவுதான்.

பிறகு வந்த தட்டுகள்

இதற்குள் உலகம் அரக்கை விட்டு நகர்ந்திருந்தது. 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன நீண்ட நேரத் தட்டை வெளியிட்டது. இது நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும். வினைலில் கல்மாவு இல்லை, பரப்பு வழுவழுப்பானது. எனவே வரியை மிக மெல்லியதாக வெட்ட முடிந்தது. ஒரு பக்கத்தில் 20 நிமிட இசை என்றால் ஏறக்குறைய 667 சுற்றுகள்; வரியின் நீளம் 400 மீட்டருக்கும் அதிகம். வினைல் எளிதில் உடையாது. ஆனால் அதற்கு வேறு பகை உண்டு: வெப்பம். வெயிலில் வைத்தால் அப்பளம்போல நெளிந்துவிடும்.

உடைந்த தட்டு பாடுமா?

பாடும். இன்று அதற்கு வழி பிறந்திருக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இயற்பியலாளர்கள், ஊசியே படாமல் தட்டைப் படிக்கும் முறையை உருவாக்கினார்கள். வரியை மிக நுட்பமாகப் படம்பிடித்து, அதன் நெளிவுகளைக் கணிப்பொறியில் அளந்து, ஒலியாக மாற்றுவார்கள். அணுத்துகள்களின் தடங்களை அளக்கப் பழகியவர்கள் அவர்கள். அதே திறமை பாட்டைக் காக்கவும் உதவியது. துண்டுகளையும் இப்படிப் படம் பிடித்து, கணிப்பொறியில் இணைத்துவிடலாம்.

2008-இல் இந்த ஆய்வுக்கூடத்தின் உதவியோடு, ஸ்காட் 1860-இல் புகைக்கரியில் வரைந்த ஒரு கோடு முதன்முறையாக ஒலித்தது. ஒரு பெண் பாடுவதாக எல்லோரும் எண்ணினார்கள். மறு ஆண்டுதான் பிழை தெரிந்தது: இரு மடங்கு வேகத்தில் ஒலித்துவிட்டார்கள்! வேகத்தைத் திருத்தியபோது அது ஓர் ஆணின் குரலாயிற்று. பெரும்பாலும் ஸ்காட்டின் குரலே. நம் சீப்புச் சோதனை அங்கேயும் வேலை செய்கிறது, பார்த்தீர்களா?

ஆனால் இத்தகைய கருவி ஊருக்கு ஊர் இல்லை. எல்லாப் பழைய தட்டுகளுக்கும் மூல உலோக அச்சு இன்று கிடைப்பதும் இல்லை. உலோகத்துக்காக உருக்கப்பட்ட அச்சுகளும் உண்டு. அப்படியானால், ஒருவர் என்றோ வாசித்த ராகத்துக்கு எஞ்சிய ஒரே பிரதி யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும்.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தட்டுகள் இருந்தால் இவற்றைச் செய்யுங்கள்:

1. வரியின்மேல் விரல் படாமல், விளிம்பையும் நடுக் காகிதத்தையும் மட்டும் பிடித்து எடுங்கள்.

2. புத்தகங்களைப்போல நேராக நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.

3. வெயிலும் ஈரமும் படாமல் பாருங்கள். அரக்குத் தட்டை எரிசாராயம் தொட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும்.

4. 78 சுற்றுத் தட்டின் வரி அகலமானது. அதை வினைல் தட்டுக்கான மெல்லிய ஊசியால் ஓட்டாதீர்கள்.

5. காகிதத்தில் உள்ள பெயர், எண் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேய்ந்தபின் வருந்திப் பயனில்லை.

6. தகுந்த கருவி வைத்திருப்பவரிடம் கொண்டுபோய் ஒருமுறை ஓட்டி, பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த வாரம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

என் தட்டின் இரண்டு துண்டுகளும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. வாசித்தவர் பெயர் இன்றுவரை தெரியவில்லை. சில சமயம் அவற்றை எடுத்து, உருப்பெருக்கியை வைத்து அந்த நெளிவுகளைப் பார்ப்பேன். எது ஆலாபனையின் தொடக்கம், எது தவில் விழுந்த இடம் என்று கண்ணால் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் 188-ஆவது சுற்று எங்கே என்று மட்டும் தெரியும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.